லைன் வந்தால்தான் சிலிப் வந்தது

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ரேம்ப் அலுவலக அறையில் ரௌட்டரின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது, இணைய லைன் போய்விட்டது என்று அர்த்தம். வெளியே தராசில் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றது. நானும், கணக்கு எழுதும் கிராணி அக்காவும் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா பொத்தானை அழுத்தி இரண்டு விநாடிக்குள் எடைச் சிலிப் வந்துவிட்டது. விளக்கு அப்போதும் மஞ்சள்தான். மூன்று வாரமாக நான் காத்துக்கிடந்தது அந்த ஒரு சிலிப்புக்காக. அக்கா அதைக் கிழித்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப சரியாயிருச்சு தம்பி" என்றார். நடந்ததெல்லாம் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். என் சின்ன வயதில் சுற்றிலும் ரப்பர் பால்மரம், இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை. சிறுதோட்டக்காரர்கள் குலையைக் கொண்டுவந்து எடைபோட்டு விற்கும் இடத்தைத்தான் இங்கே ரேம்ப் என்கிறோம். அங்கிருந்து பெரிய லோரியில் ஆலைக்குப் போகும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் தராசில் ஒரு லோரி சும்மா நின்றால் பின்னால் நிற்கிற எல்லோருக்கும் நஷ்டம். இன்னொன்றும் உண்டு. என் அப்பா பால்வெட்டிய காலத்தில் எடை என்பது கிராணி நோட்டில் எழுதுவதுதான், வெட்டியவர் கைக்கு ஒரு சீட்டும் வராது. அதனால் இந்த மூன்று ஒட்டுத் தாள் சிலிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சிலிப்பை அச்சிடும் கணினி நிரலை எழுதியவன் நான். சிலிப் வரவில்லை என்றால் பொறுப்பும் என்னுடையதுதான்.

சாமான்கள் இவை: டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை) ஓடும் ஒரு மினி கணினி, தராசின் எடைகாட்டியிலிருந்து ஒரு சீரியல் கம்பி, அதை யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர், ஊசி பிரிண்டர், சிம் போட்ட ரௌட்டர். நிரல் சி மொழியில், சுமார் 1,400 வரி. அது 9600 வேகத்தில் எடையைப் படிக்கும். 7070 என்ற நெட்வொர்க் போர்ட்டில் (இணைப்பு வரும் வாசல் எண்) காத்திருந்து, வெளியே மாட்டிய திரைக்கு எடையை அனுப்பும். லோரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிள்ளை ப்ராசஸ்களை, அதாவது தனியாக ஓடும் துணை நிரல்களை, தொடங்கும். ஒன்று சிலிப் அச்சிடும் சின்ன நிரல். வரிகளை ஒரு பைப் (இரண்டு நிரல்களுக்கு இடையே தரவு போகும் குழாய்) வழியாக வாங்கி, பைப் முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் அச்சிடும், மொத்தத்தை மேலே போட வேண்டியிருப்பதால். இன்னொன்று கர்ல், இணையத்தில் தரவு அனுப்பும் நிரல். அது அதே பதிவைத் தவுக்கேயின் (முதலாளியின்) சர்வருக்கு அனுப்பும்.

கோளாறு தீபாவளிக்கு முந்தின வாரம் தொடங்கியது. சில நேரம் சிலிப் வராது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் கழித்துத் திடீரென்று வரும். அக்கா பொறுமை இழந்து நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் அது எழுந்திருக்காது. சீரியல் போர்ட்டைத் திறக்கும் இடத்தில் "சாதனம் உபயோகத்தில் உள்ளது" என்று பிழை வரும். கணினியையே அணைத்துப் போட்டால்தான் சரியாகும். அதற்கு மூன்று நிமிஷம். மழை நாளில் ஐந்தாறு தடவை இப்படி.

நான் முதலில் பிரிண்டரைச் சந்தேகப்பட்டேன். தலையைத் துடைத்து ரிப்பன் மாற்றினேன், 16 வெள்ளி (ரிங்கிட்). பிறகு "உபயோகத்தில் உள்ளது" என்ற பிழையை வைத்து அடாப்டர்தான் தொங்கிப்போகிறது என்று முடிவு கட்டி, ஈப்போவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினேன், 48 வெள்ளி. இரண்டு நாள் வெயில் அடித்ததால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மழை, அதே கதை. பைப்பில் எழுதியது பஃபரிலேயே (தற்காலிக நினைவகத்தில்) நிற்கிறதோ என்று, அதை உடனே தள்ளிவிடும் எஃப்ஃபிளஷை ஒவ்வொரு வரிக்கும் போட்டேன். அதுவும் இல்லை என்று எடுத்துவிட்டேன்.

விடையை அக்கா முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார்: "தம்பி, அந்த விளக்கு பச்சையா வந்த ஒடனே பிரிண்டர் கத்துது, நான் மூணு தடவ பாத்துட்டேன்." அச்சுக்கும் இணையத்துக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டும் தனித்தனிப் பிள்ளைகள் என்று நினைத்தேன். ஆனாலும் அவர் சொன்னதற்காகச் சோதித்தேன். கணினியின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு சிலிப் போட்டேன். உடனே வந்தது. "பாருங்கள் அக்கா, இணையம் இல்லாமலேயே வருகிறது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தச் சோதனையே தப்பு என்று இப்போது தெரிகிறது. கம்பியைப் பிடுங்கினால், போக வழியில்லை என்று கர்ல் உடனே தோற்று முடிந்துவிடும். மழையில் நடப்பது வேறு. கம்பி இருக்கும், ரௌட்டர் இருக்கும், அனுப்பியதற்குப் பதில் மட்டும் வராது. கர்ல் காத்துக்கொண்டே இருக்கும்.

அவர் சொன்னது சரி என்று எனக்குக் காட்டியது ஒரு எண். பொத்தான் அழுத்திய நேரத்தையும் அச்சு நிரல் முடிந்த நேரத்தையும் பதிவில் எழுதவைத்தேன். ஒரு மத்தியானத்தின் தாமதங்கள்: 41, 127, 127, 18, 127 விநாடி. 41, 18 இரண்டும் லைன் திரும்பி வந்த நேரம். 127 மட்டும் எங்கேயோ பார்த்த எண். லினக்ஸ் ஒரு இணைப்பைத் தொடங்கப் பதில் வராவிட்டால் ஆறு தடவை திரும்பக் கேட்கும், இடைவெளி ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கும். 1, 2, 4, 8, 16, 32, 64. கூட்டினால் 127. பிரிண்டரிலோ சீரியல் கம்பியிலோ அப்படி ஒரு எண் வரவே வராது. சிலிப் உண்மையாகவே கர்லுக்காகத்தான் காத்திருந்தது.

அடுத்த மழைக்குக் கர்ல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பிடித்தேன். இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் 7070 போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், என் நிரலின் பெயருக்குப் பக்கத்திலேயே கர்லின் பெயர். கர்ல் எதற்காக ஒரு போர்ட்டில் காத்திருக்க வேண்டும்? பிறகு, ஓடும் ஒவ்வொரு நிரலின் விவரமும் இருக்கும் ப்ராக் அடைவுக்குள் போய், அந்தக் கர்லின் எண்ணுக்குக் கீழே, அது திறந்துவைத்தவற்றின் எண்கள் இருக்கும் எஃப்டி அடைவைத் திறந்தேன். கர்ல் தானே திறந்ததை விட்டுவிட்டு, மற்றதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டேன்:

0 → என் நிரலின் பதிவுக் கோப்பு
1, 2 → சிஸ்டம்டி (நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் லினக்ஸ் சேவை) பதிவு
3 → சீரியல் போர்ட்
4 → 7070 இல் காத்திருக்கும் சாக்கெட் (இணைப்பு முனை)
5 → வெளித் திரையின் இணைப்பு
7 → பைப், எழுதும் முனை

அந்த 7 தான். நான் சிலிப்புக்காகப் பைப் திறந்து, அச்சுப் பிள்ளையைத் தொடங்கி, முதல் சில வரிகளை எழுதி, நடுவில் கர்லைத் தொடங்கி, பிறகு மிச்ச வரிகளை எழுதிப் பைப்பை மூடுகிறேன். ஃபோர்க் (தாய் நிரல் தன்னைப் பிரதியெடுத்துப் பிள்ளையை உண்டாக்குவது) செய்யும்போது தாய் திறந்துவைத்த டிஸ்கிரிப்டர் (மேலே உள்ளது போன்ற எண்) அத்தனையும் பிள்ளைக்குப் போகும். எக்செக் செய்து பிள்ளை வேறு நிரலாக மாறினாலும், நாம் சொல்லாத வரை எதுவும் மூடப்படாது. நான் என் முனையை மூடிவிட்டேன். கர்ல் கையில் இன்னொரு பிரதி இருக்கிறது. எழுதும் முனை ஒன்றாவது திறந்திருக்கும் வரை, படிக்கிற பக்கத்துக்கு "முடிந்தது" என்ற செய்தி வராது. அச்சு நிரல் அதற்காகக் காத்து நிற்கிறது. லைன் நன்றாக இருந்த நாளில் கர்ல் ஒரு விநாடியில் முடிந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. இந்தப் பிழை ஒன்றரை வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.

திரும்பத் தொடங்கினால் எழுந்திருக்காததற்கும் இதே பட்டியல்தான் விடை. வேறு நிரல் எதுவும் எடையைப் படித்துவிடக் கூடாது என்று சீரியல் போர்ட்டைத் தனி உரிமையோடு திறந்திருந்தேன். அந்த உரிமை போர்ட் முழுவதுமாக மூடப்படும் வரை நீடிக்கும். கர்ல் கையில் 3 இருக்கிறதே. கூடவே, பாதி அனுப்பிய பதிவு அறுந்துவிடக் கூடாது என்று சிஸ்டம்டியில், நிரலை நிறுத்தும்போது தாயை மட்டும் கொல்லும்படி நானே எழுதிவைத்திருந்தேன். அதை அப்படியே விட்டிருந்தால் பிள்ளைகளும் சேர்ந்து போயிருக்கும். 7070 போர்ட்டுக்கும் இதே நிலைமை. மறு உபயோக விருப்பத்தைப் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. இன்னொருவர் அங்கே காத்திருக்கும்போது லினக்ஸ் விடாது.

இனி சரிசெய்த கதை. அது ஒரே தடவையில் நடக்கவில்லை.

முதலில் கர்லைத் தொடங்கும் பிள்ளைக்குள், எக்செக்குக்கு முன்னால், 3, 4, 7 மூன்றையும் கையால் மூடினேன். சிலிப் சரியானது. ஆனால் வெளித் திரை உறைந்து நிற்க ஆரம்பித்தது. 5 ஐ மறந்துவிட்டேன். நான் என் பக்கம் இணைப்பை மூடினாலும், கர்ல் கையில் அது திறந்திருக்கும் வரை திரைக்கு இணைப்பு முடிந்த சேதி போகாது. நாளைக்கு இன்னொரு கோப்பைத் திறந்தால் அதையும் நினைவில் வைத்து இங்கே சேர்க்க வேண்டும். இந்த வழி வேண்டாம் என்று விட்டேன்.

இரண்டாவதாக, திறக்கும் ஒவ்வொன்றுக்கும் எஃப்சிஎன்டிஎல் அழைப்பின் மூலம் குளோஸ்-ஆன்-எக்செக் ஃபிளாக் (எக்செக்கில் மூடு என்ற குறி) போட்டேன். எக்செக் நடந்த கணமே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அவற்றை மூடிவிடும், எது எதை மூடுவது என்று பிள்ளை நினைவில் வைக்க வேண்டாம். இது சரியான திசை. ஆனால் இதே கையோடு, அனுப்பத் தவறிய பதிவுகளைத் திரும்ப அனுப்புவதற்காகக் கர்ல் வேலையைத் தனி த்ரெட்டுக்கு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) மாற்றினேன். அங்கே இடறியது. ஒரு த்ரெட் பைப்பைத் திறந்துவிட்டு ஃபிளாக் போடப் போவதற்கு முன்னால், இன்னொரு த்ரெட் ஃபோர்க் செய்துவிட்டால் அந்தப் பைப் ஃபிளாக் இல்லாமலேயே கர்லுக்குப் போய்விடும். ரேம்ப்பில் இது ஒரு தடவைகூட நடக்கவில்லை. வீட்டில் பிரிண்டருக்குப் பதில் நல் சாதனத்தை (எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும் போலிச் சாதனம்) வைத்து, சர்வரிலிருந்து வரும் பதிலை ஃபயர்வாலில் தடுத்துவிட்டு, 20,000 சிலிப் ஓடவிட்டேன். மூன்று சிலிப் மாட்டியது. மூன்றுதானே என்று விட மனம் வரவில்லை. அந்த மூன்றில் ஒன்று யாரோ ஒருவர் தராசில் நிற்கும் நேரமாக இருக்கும்.

மூன்றாவதுதான் நிலைத்தது. திறக்கும்போதே ஃபிளாக்கையும் சேர்த்துக் கேட்பது. பைப்புக்குப் பதில் பைப்2, வரும் இணைப்பை ஏற்கும் அக்செப்டுக்குப் பதில் அக்செப்ட்4, ஓப்பனிலும் சாக்கெட்டிலும் அதற்குரிய குளோஎக்செக் ஃபிளாக், எஃப்ஓப்பனில் முறை எழுத்துகளோடு சின்ன 'ஈ'. காத்திருக்கும் சாக்கெட்டில் ஃபிளாக் இருந்தால் போதும், அதிலிருந்து வரும் இணைப்புக்கும் அது தானாக வரும் என்று நினைத்திருந்தேன். வராது, அக்செப்ட்4 தனியாக வேண்டும். ஓப்பனுக்கான ஃபிளாக் லினக்ஸில் 2007 இல் வந்தது, பைப்2 2008 இல். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்திலும் 2024 இல் பைப்2 சேர்ந்துவிட்டது. நான் படித்த பழைய பாடங்களில் இவை இல்லை, நானும் தேடவில்லை. மாற்றிய வரிகள் மொத்தம் பதினொன்று. திரும்ப 20,000 ஓட்டினேன், ஒன்றும் மாட்டவில்லை. ராத்திரி முழுக்க இரண்டு லட்சம் ஓட்டினேன், அப்போதும் இல்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்து, அக்காவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு சோதனைச் சிலிப்பைச் சேர்த்தேன். காலையில் நிரல் தொடங்கியவுடன், வேறு எதையும் திறப்பதற்கு முன்னால், ஒரு சிலிப் அடித்து பிரிண்டர் சரி என்று காட்டும். வீட்டில் டெர்மினலில் ஓட்டினால் அழகாக வந்தது. ரேம்ப்பில் வெறும் கட்டம் மட்டும் வந்தது, உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

இதற்குத்தான் அதிக நேரம் போனது, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. நிரல் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பின்தொடர்ந்தேன். அச்சு நிரல் 0 ஐப் படிக்கப் போய், "தவறான டிஸ்கிரிப்டர்" என்று திரும்புகிறது. பைப்2 திருப்பிய எண்களைப் பார்த்தேன்: 0 மற்றும் 3. பைப் எப்படி 0 ஆனது? அப்போதுதான் மேலே எழுதிய பட்டியலின் முதல் வரி நினைவுக்கு வந்தது. 0 இல் இருக்க வேண்டியது உள்ளீடு. என் பதிவுக் கோப்பு அங்கே எப்படி உட்கார்ந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். சர்வீஸாக ஓடும்போது விசைப்பலகை தேவையில்லை என்று, அப்போது மட்டும் 0 ஐ மூடும் ஒரு வரியை நிரலின் தொடக்கத்தில் எப்போதோ எழுதியிருக்கிறேன். யூனிக்ஸ் எப்போதும் காலியாக இருக்கும் மிகச் சிறிய எண்ணைத்தான் கொடுக்கும். முன்பெல்லாம் முதலில் திறந்தது பதிவுக் கோப்பு, அது 0 ஐப் பிடித்துக்கொண்டது. இப்போது முதலில் திறந்தது சோதனைச் சிலிப்பின் பைப்.

பிள்ளைக்குள் நான் செய்வது, பைப்பின் படிக்கும் முனையை டூப்2 மூலம் 0 க்கு மாற்றுவது. சாதாரணமாக டூப்2 கொடுக்கும் புதிய எண்ணில் குளோஸ்-ஆன்-எக்செக் ஃபிளாக் இருக்காது, அதனால் அது எக்செக்கைத் தாண்டி உயிரோடு இருக்கும். ஆனால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாக இருந்தால் டூப்2 ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். 0 ஐ 0 க்கு மாற்று என்றேன், செய்ய எதுவுமில்லை. ஃபிளாக் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எக்செக் நடந்தது, உள்ளீடு மூடப்பட்டது. போதாததற்கு, என் அச்சு நிரல் படிப்பில் வந்த பிழையையும் முடிவையும் ஒன்றாகவே கருதியது. அதனால்தான் பிழை சொல்லாமல் வெறும் கட்டத்தை அடித்தது.

இரண்டு இடத்தில் திருத்தினேன். 0 ஐ மூடும் வரியை எடுத்துவிட்டு, 0, 1, 2 மூன்றில் எது மூடியிருந்தாலும் நல் சாதனத்தை அங்கே திறந்துவைக்கும் நாலு வரியை மெயினின் முதல் வேலையாக்கினேன். பிள்ளைக்குள், இரண்டு எண்ணும் ஒன்றானால் டூப்2 க்குப் பதில் ஃபிளாக்கை மட்டும் நீக்கும்படி ஒரு கிளை எழுதினேன். முதல் திருத்தம் இருந்தால் இரண்டாவது ஒருபோதும் ஓடாது. ஆனாலும் வைத்திருக்கிறேன்.

சின்னதாக இன்னொன்று. மாற்று மினி கணினியில் கர்ல் நிறுவவில்லை, அங்கே சோதித்தபோது சிலிப்பின் தலைப்பு இரண்டு தடவை அச்சானது. எக்செக் தோற்ற பிள்ளை எக்ஸிட் செய்தது. அது தாயிடமிருந்து வந்த பஃபர் நகலையும் பைப்பில் கொட்டிவிட்டுத்தான் போனது. பஃபரைக் கொட்டாத, அடிக்கோடு போட்ட எக்ஸிட்டாக மாற்றினேன். எக்செக் தோற்றால் தாய்க்குத் தெரியும்படி ஒரு தனிப் பைப்பும் வைத்தேன், அதற்கும் குளோஸ்-ஆன்-எக்செக். எக்செக் வெற்றி என்றால் அது தானாக மூடும், தாய்க்கு முடிவு கிடைக்கும். தோல்வி என்றால் பிள்ளை பிழை எண்ணை அதில் எழுதும். இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பத்து வரி இது.

கடைசிக் காவலாக, பிள்ளைக்குள் டூப்2 வேலைகள் முடிந்ததும் குளோஸ்_ரேஞ்ச் அழைப்பு ஒன்று, 3 முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும். மற்றவர்கள் எழுதிய நூலகம் ஃபிளாக் இல்லாமல் எதையாவது திறந்திருந்தால் இது பிடிக்கும். நேராக மூடச் சொன்னால் பிழை சொல்லும் பைப்பும் போய்விடும், அதனால் மூடாமல் ஃபிளாக் மட்டும் போடும் முறையைக் கேட்டேன். அதற்குக் கெர்னல் 5.11 வேண்டும். டெபியன் 12 இல் 6.1 இருக்கிறது. 3 முதல் உச்ச வரம்பு வரை ஒவ்வொன்றாக மூடும் பழைய சுற்றைவிட இது எவ்வளவோ மேல்.

கர்லுக்கு அதிகபட்சம் 20 விநாடி என்று வரம்பும் போட்டேன். இதை முதலிலேயே போட்டிருந்தால் தாமதம் 20 விநாடியாகக் குறைந்து, எல்லோரும் பொறுத்துக்கொண்டு, மூலக் காரணம் அப்படியே புதைந்திருக்கும். அதனால் கடைசியில்தான் போட்டேன்.

செலவுக் கணக்கு: ரிப்பன் 16 வெள்ளி, அடாப்டர் 48 வெள்ளி, ஈப்போ போய்வந்த பெட்ரோல் ஏறக்குறைய 15 வெள்ளி. மூன்றும் தேவைப்படாத செலவு. தவுக்கேயிடம் கேட்கவில்லை. உண்மையான திருத்தத்துக்குக் காசு இல்லை, மூன்று வார மாலை நேரம்தான். இன்னொரு தடவை இப்படி வந்தால் முதல் நாளே ப்ராக் அடைவில் பிள்ளையின் டிஸ்கிரிப்டர்களைப் பார்ப்பேன், ஐந்து நிமிஷ வேலை. அக்கா போல அங்கேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் ஒன்றைப் பார்த்துச் சொன்னால், அவர் பார்த்த அதே நிலைமையில் சோதிப்பேன், கம்பியைப் பிடுங்கி இல்லை.

லிந்தாங் பக்கம் இன்னொரு ரேம்ப்பில் இதே நிரலின் பழைய பதிப்பு ஓடுகிறது. அங்கே ஃபைபர் லைன், இதுவரை புகார் இல்லை. வரும் சனிக்கிழமை காலை, லோரிகள் வருவதற்கு முன்னால் போய் மாற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.